டாங் குவெய் வேரும் வார்ஃபரின் மாத்திரையும்

பிரசவத்துக்குப் பிறகு சீனப் பெண்கள் குடிக்கும் ஷெங் ஹுவா டாங் வெறும் மூலிகைக் கஷாயம், எந்த மாத்திரையோடும் குடிக்கலாம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது சரியில்லைங்க. அதன் முக்கியச் சரக்கான டாங் குவெய் வேர், ரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரின் மாத்திரையின் வேகத்தைக் கூட்டி ரத்தக்கசிவை உண்டாக்கலாம். 1999இல் பதிவான ஒரு சம்பவத்தில், இரண்டையும் எடுத்த ஒரு பெண்ணுக்கு, மாத்திரை அளவு மாறாமலே ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் பரிசோதனை அளவு) இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது; வேரை நிறுத்திய பிறகுதான் இறங்கியது. பிள்ளை பெற்ற உடம்பில் ஏற்கெனவே உதிரப்போக்கு இருக்கும் என்பதால்தான் எனக்குக் கவலை. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தின் மூலிகைத் தகவல் பக்கத்தில் டாங் குவெய் என்று தேடுங்கள், வார்ஃபரின் எச்சரிக்கை இருக்கும். அந்த மாத்திரை எடுப்பவர்கள் கஷாயப் பொட்டலத்தையே டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.