சுருட்டை முடிக்குப் பத்தாதது சூடு இல்லை

முகூர்த்த நாள் வந்துவிட்டால் மதுரையில் வீட்டுக்கு வீடு ஸ்ட்ரெயிட்னர் சுடுகிறது. முடியை நீட்டுவதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். அதை 230 டிகிரியில் வைத்து இழுப்பதைத்தான் சொல்கிறேன். “நம்ம முடி முரடு, சூடு பத்தல” என்பார்கள். பத்தாதது பெரும்பாலும் சூடு இல்லை, காய்ச்சல். வயலுக்குச் சொல்வோமே, ஈரம் போகக் காய்வது, அந்தக் காய்ச்சல்.

முடிக்குள் ஈரம் இருந்தால், ஸ்ட்ரெயிட்னரின் சூடான தட்டு பட்டதும் உள்ளேயே ஆவியாகிக் கொப்புளம் விடும். ‘சொய்ங்’ என்று கேட்பது அதுதான். பிறகு அந்த இடத்தில் முடி ஒடியும். ஆப்பிரிக்க வம்சாவளியினரின் இறுகிய சுருளுக்கு ஆபத்து இன்னும் அதிகம். அந்த முடி உருண்டையாக இருக்காது, சற்றுத் தட்டையாக இருக்கும். வளைவு ஒவ்வொன்றும் பலவீனமான இடம். மண்டையில் ஊறும் எண்ணெயும் நுனிவரை இறங்காது. அதனால் விவரம் தெரிந்தவர்கள் எடுத்த எடுப்பில் தட்டை வைக்க மாட்டார்கள். சீப்பு மாட்டிய டிரையரால் இழுத்து உலர்த்தியே பாதி நீட்டிவிடுவார்கள். நம் ஊர் இறுகிய சுருட்டைக்கும் அதுவே வழி.

முதல் நாளே தலைக்குக் குளித்துவிடுங்கள். சீயக்காய்த் தூள் முடியில் தங்கும், ஷாம்பும் கண்டிஷனரும் போதும். போர் தண்ணி உப்பாக இருந்தால் கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணி இரண்டு செம்பு. தேங்காய் எண்ணெய் தடவி இழுப்பது தலையில் வடை சுடுவதற்குச் சமம். சூட்டிலிருந்து முடியைக் காக்கத் தடவும், சிலிக்கான் கலந்த ஹீட் புரொடெக்டன்ட் போதும், அதுவும் காய்ந்த பிறகே தட்டு. அடர்ந்த முடியில் மேலே காய்ந்தாலும் வேர் ஈரமாகவே கிடக்கும், விரல் விட்டுப் பாருங்கள்.

தலையை நாலாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் இரண்டு விரல் அகலத்துக்கு மெல்லிசாக எடுங்கள். அடர்ந்த முடிக்கு 170 முதல் 185 டிகிரி. சாயம் போட்டது, மெலிந்தது என்றால் 150-ஐத் தாண்ட வேண்டாம். டிகிரி காட்டாத மெஷினை வாங்கவே வேண்டாம். நெருக்கமான பல் சீப்பு முன்னே போக, தட்டு பின்னாலேயே போகட்டும். ஒரே இழுப்பு, நடுவில் நிற்கக் கூடாது, நின்றால் அங்கே மடிப்பு விழும். ஆறும்வரை சீப்பு வைக்காதீர்கள்.

எத்தனை டிகிரி வைத்தாலும் ஈரம் பட்டால் சுருண்டுவிடும். முடிக்குள் சூடு இடம் மாற்றிய பிணைப்பைத் தண்ணீர் அவிழ்த்துவிடும், அவ்வளவுதான். அழகர் ஆற்றில் இறங்கும் அன்று, தண்ணீர் பீய்ச்சும் கூட்டத்துக்குள் போகிறவர்கள் இந்தப் பாடே படவேண்டாம்! குளித்த பிறகும் சில கற்றை சுருளாமல் தொங்கினால் அது வெந்த முடி. எந்த ஹேர் மாஸ்க்கும் மீட்காது, புது முடி வளர்ந்துதான் சரியாகும். அதனால் மாதம் ஒரு தடவைக்கு மேல் வேண்டாம்.

மல்லிகைச் சரத்தில் தெளித்த தண்ணியும் முடியைச் சுருள வைத்துவிடும். துண்டில் ஒற்றிவிட்டு வையுங்கள். மண்டபத்தில் வியர்த்துச் சுருண்டால் அங்கேயே மறுபடி இழுக்காமல் ஒரு கொண்டை போட்டுக்கொள்ளுங்கள்.