பாங்காக் போய் வந்தவனும் நாங்களும்

எங்கள் சித்தி பையன் கல்லூரியிலிருந்து பாங்காக் போய்விட்டு வந்தாலும் வந்தான், குன்னூரில் யாரும் நிம்மதியாக வாயைத் திறக்க முடியவில்லை. பஸ்ஸைக் காணோமே என்று முணுமுணுத்தால் போதும், "அங்கே தலைக்கு மேலே ஸ்கைட்ரெயின் வந்துக்கிட்டே இருக்கும்ணா" என்று ஆரம்பித்துவிடுவான். சரிடா, மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டரை ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஏறுகிற ரயிலைப் பார்த்து வளர்ந்தவன்தானே நீ? டீக்கு வர்க்கி வைத்தால் தொடமாட்டானாம், அங்கே செவன் லெவன் கடையில் சூடாக்கித் தருகிற சாண்ட்விச் மாதிரி வராதாம். கடல்மட்டத்தை ஒட்டின ஊரில் வியர்த்து வழிந்து, ஏசிக்காகவே மால் மாலாக நுழைந்தவனுக்கு இப்போது நம்ம ஊர்க் குளிர் ஆகவில்லையாம்! பாங்காக்கில் சிலோம் ரோட்டில் நம்மவர்கள் கட்டின மாரியம்மன் கோயில் இருக்கிறதே, போனாயா என்றால் நேரமில்லையாம். மாலுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது நேரம்?

அப்புறம் அந்த வீடியோ. சாவ் பிரயா ஆற்றில் படகிலிருந்து எடுத்தது. பாதி அவன் கட்டைவிரல், மீதி பக்கத்தில் நின்ற யாரோ ஒருவரின் குடை, நடுவில் எங்கோ கோபுரம் மாதிரி ஒன்று மின்னி மறைகிறது. அதைப் பெரியம்மா வீட்டிலும் போட்டு, மாமா வீட்டிலும் போட்டு, பால்காரரையும் நிற்கவைத்துக் காட்டியாயிற்று. அடுத்த வருஷம் சிங்கப்பூராம். யார் உட்கார்ந்து கேட்பது?