இந்தோனேசியச் சீனர்கள் ஒதுங்கியா வாழ்ந்தார்கள்?

இந்தோனேசியச் சீனர்கள் தாங்களாகவே ஒதுங்கி வாழ்ந்ததால்தான் அந்த நாட்டோடு ஒட்டவில்லை என்று ஒரு கட்டுரையில் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அப்போதைய அதிபர் சுகார்த்தோவின் ஆட்சி அவர்களுக்குச் செய்ததையும் சொல்ல வேண்டாமா? சீனப் பள்ளிகளை மூடினார்கள், பெயரை மாற்றிக்கொள்ளச் சொல்லி நெருக்கினார்கள், 1967இல் அதிபர் ஆணை போட்டு சீனப் புத்தாண்டைக்கூடப் பொது இடத்தில் கொண்டாட விடவில்லை. இவ்வளவையும் விட்டுக்கொடுத்த பிறகும், அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களிடம் குடியுரிமைச் சான்றிதழ் எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் இந்தோனேசியாவுக்கு முதல் தங்கம் வாங்கித் தந்த பேட்மிண்டன் வீராங்கனை சுசி சுசாந்தி சீன வம்சாவளிதான். அடுத்த ஆறே வருடத்தில், 1998 மே மாதம், ஜகார்த்தாவில் சீனர்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தன, பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். அந்தப் பெண்களுக்கு இன்றுவரை நீதி கிடைக்கவில்லை.

அப்புறம் 2000இல் அதிபர் அப்துர்ரஹ்மான் வாஹித் அந்த 1967 ஆணையை ரத்து செய்தார். 2003 முதல் சீனப் புத்தாண்டு அங்கே தேசிய விடுமுறை. அதனால் நாடு உடைந்தா போய்விட்டது? பெயரையும் பண்டிகையையும் பறித்து ஒற்றுமையை உண்டாக்கலாம் என்று வாதிடுகிறவர்கள் 1998க்கு முதலில் பதில் சொல்லட்டும்.