கிழட்டுக் குழந்தையும் சிரிக்காத அம்மாவும்

ஐரோப்பாவின் பழைய மாதா ஓவியங்களில் குழந்தை இயேசுவுக்குக் கிழவர் முகம் இருப்பதை வைத்து மீம் போடுகிறவர்கள் ஓய்வதாக இல்லை. ஏறுநெற்றி, இறுகிய வாய், கணக்குக் கேட்கும் ஆடிட்டர் மாதிரி ஒரு பார்வை. எனக்கும் சிரிப்பு வரும்தான். ஆனால் கீழே போய் "அந்தக் காலத்துக்காரனுக்குக் குழந்தை வரையத் தெரியாது" என்று எழுதுகிறார்களே, அதைத்தான் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

அவர்கள் வரைய உட்கார்ந்தது கடவுளை. மடியில் இருக்கும்போதே எல்லாம் அறிந்தவர் என்று நம்பியவர்கள் கொழுகொழு கன்னத்தை ஏன் தேடப்போகிறார்கள்?

இத்தாலியின் சியெனா நகரத்து ஓவியர் தூச்சோ, 1300ஐ ஒட்டிப் பலகையில் வரைந்த சின்ன மாதா படம் ஒன்று நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்தில் இருக்கிறது. ஓரடி உயரம்கூடக் கிடையாது. 2004இல் அதை வாங்கியபோது நாலரைக் கோடி டாலர் என்று செய்தி வந்தது. எல்லோரும் விலையையே பேசினார்கள். எனக்கு முக்கியம், சட்டத்தின் கீழ்விளிம்பில் இருக்கும் கருகல். மெழுகுவர்த்தி சுட்ட தடம். யாரோ அதன்முன் முழந்தாளிட்டுச் செபித்திருக்கிறார்கள். மியூசியத்துக்கென்று வரைந்த படமா அது!

அதில் குழந்தை கையை நீட்டி அம்மாவின் முக்காட்டை விலக்குகிறது. எந்தப் பிள்ளையும் செய்கிற வேலை. அம்மா சிரிக்கவில்லை. பிள்ளைக்கு வரப்போகும் சாவு அவளுக்குத் தெரியும், செபிக்க வந்தவருக்கும் தெரியும்.

வெனிஸ் ஓவியர் ஜொவான்னி பெல்லினி, 1500 வாக்கில் இதையே இன்னும் கூர்மையாகச் சொல்லிவிட்டார். லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கும் 'புல்வெளி மாதா'வில் குழந்தை மடியில் குறுக்காகத் தூங்குகிறது. பின்னால் மாடு மேய்கிறது, வெயில் அடிக்கிறது. ஆனால் சிலுவையிலிருந்து இறக்கிய மகனை மரியாள் மடியில் கிடத்தியிருக்கும் படங்களைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கிடை உடனே பிடிபடும். இலையில்லாத மரத்தில் ஒரு கரிய பறவை வேறு.

இத்தாலிய ஓவியர் ரஃபேல் வந்து எல்லாவற்றையும் அழகாக்கிவிட்டார் என்பார்கள். பியாசென்சா நகரத்து சான் சிஸ்தோ கோயிலுக்காக 1512இல் அவர் வரையத் தொடங்கிய மாதா இப்போது ஜெர்மனியின் டிரெஸ்டனில் இருக்கிறாள். அதன் அடியில் விளிம்பில் கையூன்றிச் சாய்ந்திருக்கும் இரண்டு குட்டித் தேவதூதர்களை மட்டும் வெட்டியெடுத்துக் காபி கோப்பையிலிருந்து குடைவரை அச்சடித்துத் தள்ளியாயிற்று. மேலே இருக்கும் தாயும் பிள்ளையுமோ மிரண்டு பார்க்கிறார்கள். கோயிலில் எதிரே இருந்த சிலுவையைப் பார்த்த மிரட்சி அது என்று ஒரு விளக்கம் உண்டு; நான் அதை நம்புகிறேன். அந்தப் பார்வையைக் கோப்பையில் அச்சடித்தால் காலையில் யாருக்குக் காபி இறங்கும்?