குறை நீளத்தில் இல்லை
சிறு வாக்கியங்களே தெளிவானவை என்று நான் படித்த ஒரு கட்டுரையின் ஆசிரியர் வலியுறுத்துவதை என்னால் பாதியளவே ஏற்க முடிகிறது. ‘உரிய நடவடிக்கை எடுக்கப்படும்’ என்பதில் மூன்றே சொற்கள்தான். ஆனால் எடுப்பவர் யார், என்ன நடவடிக்கை, எப்போதைக்குள் என்ற எதுவுமே அதில் இல்லை. அலுவலகச் சுற்றறிக்கைகளில் வசதி கருதியே இப்படி எழுதுகிறார்களோ என்ற ஐயமும் எனக்கு உண்டு. ‘உங்கள் விண்ணப்பத்தைக் கணக்குப் பிரிவு சரிபார்த்து, வெள்ளிக்கிழமைக்குள் முடிவைக் குறுஞ்செய்தியில் தெரிவிக்கும்’ என்பது நீளமானதுதான் என்றாலும், படித்தவர் மறுபடி தொலைபேசியில் அழைத்து விளக்கம் கேட்க வேண்டிய தேவையை அது வைப்பதில்லை. பவணந்தி முனிவரும் நன்னூல் என்ற தம் இலக்கண நூலில் நூலுக்குரிய பத்துக் குற்றங்களை அடுக்கும்போது, ‘மிகைபடக் கூறல்’ (தேவைக்கு மேல் சொல்வது) என்பதற்கு முன்பாகக் ‘குன்றக் கூறல்’ (தேவையானதைக் குறைத்துச் சொல்வது) என்பதையே வைத்திருக்கிறார். பொருள் இதுவா அதுவா என்று குழம்பும்படி எழுதும் ‘மயங்க வைத்தல்’ என்பதும் அந்த வரிசையில் உண்டு. ‘மேலாளர் உதவியாளரிடம் அவருடைய கோப்பைக் கேட்டார்’ என்றால் கோப்பு யாருடையது என்பதைப் படிப்பவர்தான் ஊகித்துக்கொள்ள வேண்டும். மேலாளருடையது என்றால் ‘தம்முடைய கோப்பை’ என்று எழுதியிருக்கலாம். உதவியாளருடையது என்றால் ‘உதவியாளரின் கோப்பை அவரிடமே கேட்டார்’ என்றிருக்கலாம். இரண்டிலுமே வாக்கியத்தின் நீளம் ஏறத்தாழ அதேதான்.