‘தோட்டம்’ என்ற சொல்லில் நின்றுவிடும் குழந்தை

நான்காம் வகுப்புச் சிறுவன் ஒருவனை ‘மெல்லக் கற்பவன்’ என்ற ஒரே குறிப்போடு என்னிடம் அனுப்பிவைத்தார்கள். பதிமூன்று ரூபாய்க்குப் பொருள் வாங்கி இருபது ரூபாய் கொடுத்தால் மீதி எவ்வளவு என்று கேட்டால், நான் முடிப்பதற்குள் ‘ஏழு’ என்பான். அதே கணக்கை எழுதிக் கொடுத்தால் வாய் திறக்க மாட்டான். அவனுடைய நோட்டில் ‘தோட்டம்’ என்ற சொல் ஐம்பது முறை இம்போசிஷனாக எழுதப்பட்டிருந்தது, ஒரு பிழைகூட இல்லாமல். அதையே வாசிக்கச் சொன்னபோது ‘தே’ என்று தொடங்கி, அடுத்து வந்த துணைக்காலைப் பார்த்துத் திகைத்து நின்றான். ஐம்பது முறையும் அவன் எழுதவில்லை, பார்த்து வரைந்திருக்கிறான்.

டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பில் வரும் கற்றல் குறைபாடு, என்றதும் ஆங்கிலத்தின் ‘பி’ (b), ‘டி’ (d) எழுத்துகளை மாற்றிப்போடுவதையே பலரும் அடையாளமாகச் சொல்கிறார்கள். தமிழில் படிக்கும் குழந்தை தடுமாறும் இடங்கள் வேறு. கொம்பு எழுத்துக்கு முன்னே நிற்கிறது, அதன் ஒலியோ பின்னே வருகிறது. ‘தோ’ போன்ற எழுத்தில் குறி இரண்டு பக்கமும் நிற்கிறது. புள்ளி விடுபட்டு ‘பள்ளி’ என்பது ‘பளளி’ ஆகும். ல, ள, ழ குழப்பம் எல்லாக் குழந்தைகளுக்கும் உண்டு என்பதால், அதை மட்டும் வைத்து முடிவுகட்டக் கூடாது. கண்ணையும் காதையும் பரிசோதித்து, முறையாகக் கற்பித்த பிறகும் தடுமாற்றம் நீடிக்கிறதா என்பதே கேள்வி.

1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம்பெறாத கற்றல் குறைபாடு, 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. இந்தக் குறைபாட்டுக்கான சான்றிதழ் எட்டு வயதானால்தான் என்று 2018ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொன்னதில் நியாயம் உண்டு. ஆனால் அதுவரை காத்திருக்கலாம் என்று பள்ளிகள் புரிந்துகொள்வது பெருந்தவறு; கற்பிப்பதற்கு எந்தச் சான்றிதழும் தேவையில்லை.

அந்தச் சிறுவனுக்காக ஓர் அட்டையின் நடுவே சிறு கட்டம் வெட்டினேன். கொம்பும் எழுத்தும் காலும் சேர்ந்து ஒரே துண்டாக அதற்குள் தெரியும். பார்த்து, ஒலித்து, மணலில் விரலால் எழுதுவான். நாளுக்கு இருபது நிமிடம், வாரத்துக்கு ஒரே குறி. மூன்றாம் மாதம் ‘தோட்டம்’, ‘கோலம்’, ‘சோளம்’ மூன்றையும் நிற்காமல் வாசித்தான். புள்ளி இன்னும் விடுபடுகிறது.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நெருங்கும்போதுதான் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு ஆகியவற்றுக்காகப் பெற்றோர் சான்றிதழ் தேடி ஓடுகிறார்கள். அப்படி வந்த ஒரு தாய், ‘மூணாங்கிளாஸ்லயே சொல்லியிருந்தா நான் இவன அடிச்சிருக்க மாட்டேனே, டீச்சர்’ என்று அழுதார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.