கேட்காமலே தலையில் கட்டிய இன்சூரன்ஸ்

நேற்றும் போன் வந்தது. இரவு ஒன்பது மணி, தட்டில் புட்டு, கையெல்லாம் கறி. 2007க்குப் பிறகு கார் லோன் எடுத்திருக்கிறீர்களா, உங்களுக்குக் காசு வர இருக்கிறது, நாங்கள் மீட்டுத் தருகிறோம் என்று ஒரு பிள்ளை மூச்சுவிடாமல் ஒப்புவிக்கிறது. அந்தப் பிள்ளை மேல் கோபமில்லை, யாரோ எழுதிக் கொடுத்ததை வாசிக்கிறது. ஆனால் அந்த "மீட்டுத் தருகிறோம்" காதில் விழுந்தவுடன் எனக்குப் புட்டு இறங்கவில்லை. இந்தக் கூத்தை நான் ஏற்கெனவே ஒருமுறை, அதுவும் 1,035 பவுண் டிக்கெட் எடுத்துப் பார்த்தவன். அப்போது அதற்குப் பெயர் பிபிஐ.

லண்டனுக்கு அண்மையில் வந்தவர்களுக்கு இது என்னவென்றே தெரியாது, அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். பேமென்ட் ப்ரொடெக்ஷன் இன்சூரன்ஸ். கடன் எடுத்தவர் நோயில் விழுந்தால், வேலை போனால், மாதத் தவணையை இன்சூரன்ஸ் கட்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கும்.

2004இல் நான் கிழக்கு லண்டனில் மினிகாப் ஓடிக்கொண்டிருந்தேன். பழைய கார் படுத்துவிட்டது, 7,000 பவுண் கடன் கேட்டு வங்கிக்குப் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் நல்ல சிரிப்பு. "இந்தப் பாதுகாப்பையும் சேர்த்துப் போட்டால் லோன் பாஸாவது சுலபம்" என்றார். சேர்க்காவிட்டால் கிடைக்காது என்றுதான் எனக்கு விளங்கியது. அப்படி விளங்க வேண்டும் என்றுதான் அவரும் சொன்னார். புது நாடு, அரைகுறை ஆங்கிலம், எதிரே கோட்டுப் போட்ட ஆள் பேனையை நீட்டுகிறார். அந்த இடத்தில் யார் உட்கார்ந்து பொடி எழுத்தை வாசிப்பது? கையெழுத்துப் போட்டேன்.

வீட்டுக்கு வந்து தாளைப் பார்த்தால் கடன் 8,900 என்று இருக்கிறது. ஐந்து வருட இன்சூரன்ஸ் கட்டணம் 1,900 பவுணை ஒரே அடியாக எடுத்து, கடனோடு கடனாகச் சேர்த்து, அதற்கும் வட்டி போட்டிருக்கிறார்கள். நான் கேட்காத பொருளை எனக்கு விற்று, அதை வாங்க எனக்கே கடனும் கொடுத்து, அந்தக் கடனுக்கு வட்டியும் வாங்கினால் அதற்கு என்ன பெயர்? எங்கள் ஊரில் வேறு பெயர் சொல்வார்கள். இங்கே சிங்கிள் ப்ரீமியம் என்றார்கள். மாதம் 40 பவுண் கூடுதல், 60 மாதம்.

சரி, பாதுகாப்பு என்றால் கொஞ்சம் செலவுதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். 2006 மாரியில் நாரி (இடுப்பு) பிடித்தது. நாள் முழுக்கக் கார் சீட்டில் இருந்தால் வேறு என்ன பிடிக்கும். மூன்று மாதம் படுக்கை. மனைவி அந்த இன்சூரன்ஸ் தாளைத் தேடி எடுத்துத் தந்தாள், ஏதோ புதையல் கிடைத்த மாதிரி. போன் போட்டேன். நாரி வருத்தம் இதற்குள் வராதாம். அது போக, நான் சொந்தத் தொழில் செய்கிறவன் என்பதால், நாளைக்கு ஓட்டம் இல்லாமல் போனாலும் வேலையிழப்புப் பகுதியும் எனக்கு லேசில் பொருந்தாதாம்.

அப்படியென்றால் எதற்கு விற்றாய்? லோன் விண்ணப்பத்தில் தொழில் என்ற இடத்தில் சொந்தத் தொழில் என்று அந்தப் பெண்தான் தன் கையால் எழுதினார். நான் மறைக்கவில்லையே! முன்பே நோயுள்ளவர்கள், ஓய்வூதியம் எடுப்பவர்கள், வேலையே இல்லாதவர்கள் என்று ஒரு நாளும் இதிலிருந்து காசு எடுக்க முடியாத எத்தனை பேருக்கு இதை விற்றிருக்கிறார்கள்.

ஏன் விற்றார்கள் என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் முழுதாக விளங்கியது. சூசன் பிளெவின் என்று கல்லூரியில் படிப்பித்த ஒரு விதவைப் பெண். 2006இல் அவர் 34,000 பவுண் கடன் எடுத்தபோது 5,780 பவுணுக்கு இந்த இன்சூரன்ஸை ஏற்றிவிட்டார்கள். அதில் 71.8 சதவீதம் கமிஷன். தரகருக்கு ஒரு பங்கு, கடன் கொடுத்த பாரகன் நிறுவனத்துக்கு ஒரு பங்கு, உண்மையில் இன்சூரன்ஸ் கொம்பனிக்குப் போனது 1,630 பவுண். அந்த மனுசி விடாமல் வழக்காடி 2014 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வரை போனார். இவ்வளவு கமிஷனைச் சொல்லாமல் மறைத்ததால் கடன் கொடுத்தவருக்கும் எடுத்தவருக்கும் இடையே இருந்தது நியாயமற்ற உறவு என்று தீர்ப்பு வந்தது. நூறு பவுண் கொடுத்தால் இருபத்தெட்டுப் பவுணுக்குத்தான் பாதுகாப்பு, மீதி விற்றவன் பைக்குள். அந்தச் சிரிப்பின் விலை அதுதான்.

தெரியாமல் நடந்த பிழை என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள். மக்களுக்கு இலவசமாக ஆலோசனை சொல்லும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பு 2005இலேயே இதைப் பற்றி அரசிடம் பெரிய முறைப்பாடு கொடுத்துவிட்டது. சிங்கிள் ப்ரீமியம் விற்பனை 2009 வரை நடந்தது. முறைப்பாடுகளை ஒழுங்காக விசாரியுங்கள் என்று கண்காணிப்பு அமைப்பு விதி போட்டபோது வங்கிகள் எல்லாம் சேர்ந்து நீதிமன்றம் போயின, 2011 ஏப்ரலில் தோற்றன. அதற்குப் பிறகுதான் காசு வெளியே வரத் தொடங்கியது. கடைசியில் 3,800 கோடி பவுணுக்கு மேல் திருப்பிக் கொடுத்தார்கள். அவ்வளவையும் அபராதமென்று நினைக்காதீர்கள். பெரும்பகுதி மக்களிடம் எடுத்த காசு.

இனி என் மடத்தனத்துக்கு வருகிறேன். 2012. கதவிடுக்கில் துண்டுப் பிரசுரம், போனில் குறுஞ்செய்தி, தொலைக்காட்சியில் விளம்பரம், எங்கே திரும்பினாலும் பிபிஐ மீட்பு நிறுவனங்கள். வெற்றி இல்லையேல் கட்டணம் இல்லை என்றார்கள். நானும் ஒன்றில் கையெழுத்துப் போட்டேன். (ஆம், மறுபடியும் வாசிக்காமல்.) அவர்கள் எனக்கு ஒரு படிவம் அனுப்பினார்கள். எங்கே கடன் எடுத்தாய், என்ன சொன்னார்கள், அப்போது என்ன வேலை. நானே எழுதி, நானே முத்திரை ஒட்டி அனுப்பினேன். அதே படிவம், வங்கிகள் மேல் வரும் முறைப்பாடுகளைத் தீர்க்கும் ஒம்பட்ஸ்மன் அலுவலகத்தில் இலவசம் என்பது பிறகுதான் தெரியும். அவர்கள் செய்ததெல்லாம் அதை ஒரு உறையிலிருந்து இன்னொரு உறைக்கு மாற்றியதுதான்.

வங்கி ஒத்துக்கொண்டது. கட்டிய 2,400, அதற்கு 8 சதவீத வட்டி 1,050, மொத்தம் 3,450 பவுண். வட்டிக்கு வரி என்று 210 பிடித்தார்கள். மீட்பு நிறுவனத்துக்கு 25 சதவீதமும் அதன் மேல் வாட் வரியும், ஆக 1,035. என் கைக்கு வந்தது 2,205. நான் கட்டிய அசலை விடவும் குறைவு! ஒருவன் பொக்கெட்டில் எடுத்தான், அதைப் பிடித்துத் தந்தவன் மற்றப் பொக்கெட்டில் எடுத்தான். இந்தக் கட்டணத்துக்கு 20 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்தது 2018 ஜூலையில். அதற்குள் எத்தனை பேரின் காசு போய்விட்டது.

அதன் பிறகு மனைவியின் ஸ்டோர் கார்ட். ஒரு பெரிய துணிக்கடையில் பிள்ளைகளுக்குப் பள்ளி உடுப்பு வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றபோது, இந்தக் கார்டை எடுத்தால் இன்றைக்கு 10 சதவீதம் கழிவு என்று காசாளர் பெண் சொல்லி எடுப்பித்தது. பின்னால் ஆறு பேர் நிற்கிறார்கள், சின்னவன் அழுகிறான், அந்த நிலைமையில் கையெழுத்து. வட்டி ஏறக்குறைய 30 சதவீதம். அதற்கு மேல் ஒவ்வொரு மாதமும் மிச்சத் தொகையைப் பொறுத்து இன்சூரன்ஸ் என்று பில்லில் ஒரு வரி எழுதியிருக்கும். எட்டு வருடம் அந்த வரி இருந்தது, நாங்கள் அது கார்டின் கட்டணம் என்று நினைத்துக் கட்டினோம்.

இந்தமுறை நாங்களே செய்தோம். கடைக்கு எழுதினால் கார்ட் எங்களுடையது இல்லை என்றது கடை. கார்டின் முகத்தில் கொட்டை எழுத்தில் அவர்கள் பெயர்தான் இருக்கிறது! பின்னால் இருந்த நிதி நிறுவனத்துக்கு எழுதினோம். அந்தக் கணக்குகளை வேறு வங்கிக்கு விற்றுவிட்டோம் என்றார்கள். அந்த வங்கிக்கு எழுதினோம். பதில் சொல்ல அவர்களுக்கு இருந்த எட்டு வாரம் முடிய ஒரு நாள் இருக்கும்போது பதில் வந்தது: நீங்களே பெட்டியில் சரி போட்டிருக்கிறீர்கள், அதனால் தெரிந்துதான் எடுத்தீர்கள். படிவத்தின் பிரதியும் வைத்திருந்தார்கள். மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். அவளுடைய கையெழுத்து பேனை மை. அந்தச் சரி அச்சு மை. அச்சகத்திலேயே போட்டு வந்த சரி.

அதை ஒம்பட்ஸ்மனுக்கு அனுப்பினோம். ஒரு சதம் செலவில்லை, ஆனால் மாதக் கணக்கில் காத்திருப்பு. 2019இல் 600 சொச்சம் பவுண் முழுதாக வந்தது. வட்டிக்குப் பிடித்த வரியையும் ஆர்40 படிவம் போட்டு வரித் திணைக்களத்திடமிருந்து எடுத்தாள். அந்தப் படிவத்தை நிரப்பித் தருகிறோம் என்று பங்கு கேட்கவும் ஒரு கூட்டம் கிளம்பியது, அதைப் பற்றி எழுதினால் எனக்கு பிரஷர் ஏறும்.

ஆனால் என்னை உண்மையில் சுடுவது எங்கள் தெருவில் இருந்த மாமியின் கதை. கட்டலொக் பார்த்துப் போர்வை, சட்டி, பேரப்பிள்ளைக்குச் சப்பாத்து என்று தவணையில் வாங்குவார். ஓய்வூதியம் எடுக்கும் மனுசிக்கு வேலை போனால் காப்பாற்றும் இன்சூரன்ஸ் விற்றிருந்தார்கள். வேலையே இல்லாதவருக்கு! "தம்பி, உது அரசாங்கம் எடுக்கிற காசாக்கும்" என்று பயந்து பயந்து கட்டினார். 2019 ஆகஸ்ட் 29 கடைசி நாள் என்று அறிவித்து, ஆர்னல்ட் ஸ்வார்ஸ்நெகரின் தலையை இயந்திரத்தில் செய்து ஓடவிட்டு, ஆங்கிலத்தில் கத்தி விளம்பரம் செய்தார்கள். மாமிக்கு அந்தத் தலையைப் பார்த்தால் சிரிப்பு. அது தன்னைத்தான் கூப்பிடுகிறது என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. அக்டோபரில் அவருடைய மகன் ஒரு பை நிறையக் கடிதங்களோடு வந்தான். எல்லாத் தாளிலும் இன்சூரன்ஸ் என்ற அந்த ஒரு வரி எழுதியிருந்தது. தேதி போய்விட்டது.

விற்றவனிடம் கணக்கு இருக்கிறது, யாருக்கு விற்றான் என்று தெரியும், விலாசம் தெரியும், மாதம் தவறினால் மூன்றாம் நாள் கடிதம் போடத் தெரியும். திருப்பிக் கொடுக்க மட்டும் நாங்கள் தேடிப் போய், நிரூபித்து, தேதிக்குள் கேட்க வேண்டும்!

இப்போது அதே கதை கார் லோனில்: லோன் கொடுத்தவர் கார் விற்றவருக்குச் சொல்லாமல் கொடுத்த கமிஷன். 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் பெரும்பாலும் கடன் கொடுத்தவர்கள் பக்கம் நின்றாலும், ஒருவரின் வழக்கில் கடன் செலவில் 55 சதவீதம் மறைமுகக் கமிஷனாகப் போயிருந்தது நியாயமற்றது என்றது. நேரே கடன் கொடுத்த நிறுவனத்திடம் முறையிடலாம், இலவசம், இடையில் யாரும் தேவையில்லை என்று கண்காணிப்பு அமைப்பே சொல்கிறது. அதற்குள் இவர்கள் போனில்.

புட்டு ஆறிவிட்டது. அந்தப் பிள்ளையிடம் எத்தனை சதவீதம் எடுப்பீர்கள் என்று கேட்டேன். போன் வைக்கப்பட்டுவிட்டது. திரும்பிப் பார்த்தால் மனைவி கட்டிலுக்கு அடியிலிருந்து பழைய பிஸ்கட் டின்னை இழுத்துக்கொண்டிருக்கிறாள், 2016இல் வாங்கிய பிரியுஸ் காரின் லோன் தாள் அதற்குள்தான் எங்கேயோ இருக்கிறது. கண்ணாடியைப் போட்டுவிட்டாள்.